தீர்வை நாள் – 9: அந்த மூன்று நாள்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய் வந்தவர்களுக்குக் கண்டமங்கலம் என்றாலே நெடுநாள்வரை ரயில்வே கேட்தான் ஞாபகம். கேட் விழுந்துவிட்டால் இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசை கட்டும். பஸ்ஸில் இருப்பவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். கேட்டைத் தாண்டிக் கிழக்கே போனால் வில்லியனூர், பிறகு ரெட்டியார்பாளையம், அதற்கப்பால் கடல். எல்லாம் சேர்த்து 20 கிலோமீட்டருக்குச் சற்று முன்பின் இருக்கும்.

1704-ஆம் ஆண்டு இந்தத் தூரத்தைக் கடக்க வேண்டிய ஒருவர் கடக்கவில்லை. கடற்கரையிலேயே எட்டு மாதம் இருந்தார். நோயில் படுத்தார், எழுந்தார், விசாரித்தார், ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார், கப்பலேறினார். கண்டமங்கலத்துக்கு மேற்கே விரிந்து கிடந்த உள்நாட்டுக் கிராமங்களைப் பற்றியது அந்தக் காகிதம். அந்தக் கிராமங்களில் ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை.

இந்த வாரம் அந்தக் காகிதத்தின் கதை.

* * *

முன்கதையை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன்.

1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, கிறிஸ்தவம் என்றால் ‘பறங்கி மார்க்கம்’ என்று ஊரே மூக்கைப் பிடித்ததைக் கண்டார். காவி உடுத்தினார், புலால் விட்டார், பிராமண சந்நியாசியாகவே வாழ்ந்தார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் எல்லாம் குலத்தின் அடையாளங்கள்; அவற்றை வைத்துக்கொள்வது பாவமில்லை என்று வாதாடினார். 1623-ல் பாப்பிறை பதினைந்தாம் கிரகோரி அவர் பக்கம் சாய்ந்தார். அதே ஆணையில், உயர்ந்த குலத்தார் தாழ்ந்தவர்களை இழிவாக நினைக்கலாகாது என்றும் கேட்டுக்கொண்டார். ஆணையின் முதல் பாதி நன்றாகவே அமலுக்கு வந்தது.

1640 வாக்கில் ‘பண்டாரசாமிகள்’ என்ற இன்னொரு வகை மிஷனரிகள் வந்தார்கள். பிராமண சந்நியாசி நெருங்க முடியாத சாதிகளிடம் இவர்கள் போகலாம். 1693-ல் ஓரியூரில் ஏசுசபை மிஷனரி அருளானந்தர் தலை கொடுத்தார். அதன் பிறகு புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரிமார் அதே மதுரைப் பாணியில், அதே காவியோடு, கர்நாடகச் சீமைக்குள் இறங்கினார்கள். கர்நாடக மிஷன் என்று அதற்குப் பெயர். தலைவர் புஷே பாதிரியார்.

போன வாரம் நிறுத்திய இடம் இது: புதுச்சேரிக் கடலில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் நங்கூரம் போடுகிறது. தேதி 1703 நவம்பர் 6.

* * *

கப்பலிலிருந்து இறங்கியவர் சார்ல் தோமா மய்யார் த டூர்னோன். தூரின் நகரத்துப் பிரபு குலம். வயது 34. அந்தியோக்கியாவின் பிதாப்பிதா என்ற பட்டம். பாப்பிறை பதினோராம் கிளமெண்ட் அவரைத் தன் முழு அதிகாரமும் கொண்ட தூதராகச் சீனத்துக்கு அனுப்பியிருந்தார். சீனத்துக் கிறிஸ்தவர்கள் மூதாதையரை வணங்குவது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வதுதான் அவருடைய பெரிய வேலை. புதுச்சேரி வழியில் வந்த துறைமுகம்.

ஊர் அப்போதுதான் எழுந்து நின்றுகொண்டிருந்தது. 1693-ல் டச்சுக்காரர்கள் பிடித்துக்கொண்ட பட்டினத்தை பிரெஞ்சுக்காரர்கள் திரும்பப் பெற்றது 1699-ல்தான். பிரான்சுவா மர்த்தேன் ஆளுநர். மேற்கே, 1698 முதல் செஞ்சிக் கோட்டை முகலாயர் கையில்.

ஊருக்குள் இன்னொரு சண்டை. கப்புச்சின் சாமியார்களுக்கும் ஏசுசபையாருக்கும் ஆகாது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் யாருடைய பொறுப்பு என்பதில் தகராறு. ஏசுசபையார் கிறிஸ்தவத்துக்கு விபூதி பூசுகிறார்கள் என்பது கப்புச்சின்களின் புகார். புகாரை வாங்கிக்கொள்ள இப்போது பாப்பிறையின் ஆளே வாசலில் வந்து நின்றார்.

டூர்னோனுக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. அந்த உடம்போடு உள்நாடு போக இயலாது. வரவழைத்து விசாரித்தார். கர்நாடக மிஷனிலிருந்து புஷே, மதுரை மிஷனிலிருந்து பெர்த்தோல்டி, ஏசுசபையில் இந்த இருவர். பிறகு சில உள்ளூர்க்காரர்கள், அவர்களிடம் துபாஷி மூலமாக. தமிழ் தெரியாத நீதிபதி, தமிழர்களின் பாவ புண்ணியத்தை அளக்க உட்கார்ந்தார்.

* * *

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். அவர் அளக்க வந்தது என்ன?

தமிழில் ‘பாவம்’ என்ற சொல் இரண்டு பக்கமும் வெட்டும். ‘பாவம் பண்ணினான்’ என்றால் குற்றம். ‘ஐயோ, பாவம்’ என்றால் இரக்கம். ஒரே சொல்லால் ஒருவனைக் கூண்டிலும் ஏற்றலாம், மடியிலும் வைத்துக்கொள்ளலாம். மிஷனரிகள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றி ஒரு பெரிய வீடே கட்டினார்கள். பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்த வீட்டின் அறைகள் தெரியும்: ஜென்ம பாவம், கர்ம பாவம், சாவான பாவம், அற்பப் பாவம், பாவசங்கீர்த்தனம், மனஸ்தாபம், உத்தரிக்கிற ஸ்தலம், தனித்தீர்வை, பொதுத்தீர்வை.

ஊரில் ஏற்கெனவே இருந்த கணக்கு வேறு. இந்தப் பிறவியில் அடைக்காத கடனை அடுத்த பிறவியில் அடைக்கலாம். கிறிஸ்தவத்தில் அந்தத் தவணை கிடையாது. ஒரு பிறப்பு, ஒரு சாவு, ஒரு தீர்ப்பு. ஆத்துமா உடலை விட்ட உடனேயே அதற்கு உரிய இடம் போய்ச் சேருகிறது என்று 1336-ல் பாப்பிறை பன்னிரண்டாம் பெனடிக்ட் உறுதிபடச் சொல்லிவிட்டார். சாவான பாவங்களைக் குருவிடம் ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்புப் பெற வேண்டும் என்று 1551-ல் திரெந்து சங்கம் விதித்தது. கடவுள்மீது வைத்த அன்பினாலேயே ஒருவன் தன் பாவத்துக்கு மனம் நொந்தால், குரு வந்து சேராவிட்டாலும் வழியுண்டு. அதற்கு உத்தம மனஸ்தாபம் என்று பெயர். ஆனால் தனக்கு வந்த மனஸ்தாபம் உத்தமமானதா, நரக பயத்தால் வந்த மட்டமானதா என்று சாகக் கிடக்கிறவன் எப்படி நிறுத்துப் பார்ப்பான்?

ஆகவே கடைசி மணி நேரம்தான் எல்லாம். அந்த மணி நேரத்தில் சாமியார் பக்கத்தில் இருந்தாக வேண்டும். காதில் பாவம் சொல்லியாக வேண்டும். எண்ணெய் பூசியாக வேண்டும்.

இதே மண்ணில் ‘தீட்டு’ என்று இன்னொரு சொல்லும் உண்டு. அதற்கும் பாவத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பாவம் மனம் ஒப்பிச் செய்வது. தீட்டு கேட்காமல் வந்து ஒட்டுவது. பிறப்பால் ஒட்டும், சாவால் ஒட்டும், மாதவிலக்கால் ஒட்டும், எச்சிலால் ஒட்டும். திரெந்து சங்கத்தின் ஏடுகளை விளக்கேற்றித் தேடினாலும் தீட்டுக்கு அங்கே ஒரு வரி கிடையாது.

ஏடு வேறு, ஊர் வேறு. ஊரில் மிஷனரிகள் தீட்டோடுதான் குடித்தனம் நடத்தினார்கள்.

* * *

1704 ஜூன் 23. ஸ்நாபக அருளப்பர் திருநாளுக்கு முந்தின நாள். டூர்னோன் கையெழுத்திட்டார்.

தடைகளின் பட்டியல் நீளம். ஞானஸ்நானத்தில் குரு தன் எச்சிலைத் தொட்டு வைப்பது, நாவில் உப்பு வைப்பது, ஊதுவது ஆகிய சடங்குகளை விட்டுவிடக் கூடாது. பிள்ளைகளுக்கு அர்ச்சிஷ்டவர்களின் பெயர்தான் வைக்க வேண்டும். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி ஆகாது. சிலுவையோ மாதா சுரூபமோ பொறித்துக்கொள்ளட்டும். மஞ்சள் தோய்த்த 108 இழைக் கயிறு ஆகாது. கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்ப்பது ஆகாது. பெண் வயதுக்கு வந்ததைச் சடங்கு வைத்துக் கொண்டாடக் கூடாது. சாணச் சாம்பலை நெற்றியில் இடக் கூடாது. கிறிஸ்தவ மேளக்காரர்கள் அந்நிய தேவதைகளின் திருவிழாவில் வாசிக்கக் கூடாது.

மேளக்காரர் விஷயத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. திருவிழா மேளம் அந்தக் குடும்பங்களுக்குச் சோறு. அதை நிறுத்தச் சொன்னவர், மாற்றுச் சோற்றுக்கு என்ன வழி என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

பட்டியலில் மூன்று விஷயங்களை மட்டும் தனியே எடுத்து வைத்துப் பாருங்கள்.

எச்சில். வெள்ளைக்காரச் சாமியார் தன் எச்சிலைத் தொட்டு ஒரு மேல்சாதிக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைத்தால் அந்தக் குடும்பம் மறுநாள் கோயிலுக்கு வராது. அதனால் விட்டுவிட்டார்கள்.

மாதவிலக்கு. அந்த நாட்களில் பெண்களைக் கோயிலுக்குள்ளும் பாவசங்கீர்த்தனத்துக்கும் வரவிடாமல் நிறுத்தினார்கள். டூர்னோன் அதைத் தடுத்தார். மன்னிப்புக் கேட்க வருகிறவளை உடம்பைக் காட்டித் திருப்பியனுப்ப எந்தக் குருவுக்கும் உரிமை இல்லை.

மூன்றாவது, சேரி. நோயில் கிடக்கும் பறையர் கிறிஸ்தவர்களுக்கு மிஷனரிகள் கோயிலில் மட்டும் ஆன்ம உதவி செய்தால் போதாது. அவர்களுடைய வீட்டுக்கே போய்ச் செய்ய வேண்டும் என்றார்.

மூன்றும் ஒரே துணியில் கிழித்தவை. மூன்றிலும் கேள்வி ஒன்றுதான்: தீட்டுக்கும் பாவ மன்னிப்புக்கும் நடுவே யார் வழிவிட வேண்டும்?

* * *

அந்த மூன்றாவது எப்படி நடந்துவந்தது என்பதைக் கொஞ்சம் மெதுவாகப் பார்க்கலாம்.

இப்போது நாம் விழுப்புரம் மாவட்டம் என்று சொல்கிற சீமையில் ஏதோ ஒரு சேரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடி மழை. ஒருவனுக்குப் பேதி கண்டிருக்கிறது. இரண்டு நாளில் கண் குழிந்துவிட்டது. ஞானஸ்நானம் பெற்றவன், கடைசி மணி நேரம் எப்படிப்பட்டது என்று உபதேசியார் சொல்லிச் சொல்லி அவனுக்குத் தெரியும். ‘சாமியைக் கூப்பிடுங்கள்’ என்கிறான்.

சாமி வரமாட்டார். அவர் காவி கட்டிய சந்நியாசி. சேரிக்குள் காலெடுத்து வைத்தது ஊருக்குத் தெரிந்தால் அவரும் பறங்கி, அவர் வேதமும் பறங்கி வேதம். ஊர்த்தெருக் கிறிஸ்தவர்கள் ஒருவர்கூட மிஞ்சமாட்டார்கள். ஆகவே அவனைத்தான் சாமி இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டிலோடு தூக்குவார்கள். வரப்பு வழுக்கும். வழியில் உயிர் போனால்?

அந்தச் சாவுக்கு யார் கணக்குச் சொல்வது? பாவசங்கீர்த்தனம் இல்லாமல் செத்தவனா, வராத குருவா?

சுவிசேஷத்தில் லாசர் கதையை இதே மிஷனரிகள் தமிழில் ஆயிரம் முறை சொல்லியிருப்பார்கள். பணக்காரன் வாசலில் புண்ணோடு கிடந்த பிச்சைக்காரன் மோட்சம் போகிறான், வாசலைத் தாண்டி வெளியே வராத பணக்காரன் நரகம் போகிறான். அந்தக் கதையிலும் எல்லாம் ஒரு வாசற்படியில்தான் இருக்கிறது.

ஏசுசபையார் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சொகுசுக்காக வந்தவர்கள் அல்ல அவர்கள். உப்புச் சப்பில்லாத ஒருவேளைச் சோறு தின்று, தரையில் படுத்து, சிறை போய், அருளானந்தரைப் போலச் சாகவும் தயாராக இருந்தவர்கள். அவர்களுடைய பயம் நிஜமானது. சேரிக்குள் ஒருமுறை போனால் நூறாண்டு உழைப்பு ஒரே நாளில் கரையும் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது. ஆனாலும் அவர்கள் கற்பித்த தீர்வையின்படியே கேட்டால், ஊர்த்தெருவில் ஆயிரம் ஆத்துமாக்களைக் காப்பாற்றுவதற்காகச் சேரியில் ஒரு ஆத்துமாவைக் கைவிடலாம் என்று எந்த உபதேசப் புத்தகத்தில் இருக்கிறது?

இந்த ஒரு விஷயத்தில், தமிழ் தெரியாத அந்த நோயாளித் தூதர்தான் சரி. தமிழைக் கரைத்துக் குடித்தவர்கள் தவறு. என் கணிப்பு இது. வாசகர்கள் சண்டைக்கு வரலாம்.

* * *

ஜூன் 23-ல் கையெழுத்தான ஆணை உடனே வெளிவரவில்லை. 15 நாள் கழித்து, ஜூலை 8, செவ்வாய்க்கிழமைதான் மிஷன் தலைவர்களின் கைக்கு வந்தது. டூர்னோன் கப்பலேறும் நாள் ஜூலை 11, வெள்ளிக்கிழமை.

நடுவில் மூன்று நாள்.

வேண்டுமென்றே இப்படிச் செய்தாரா, உடல்நிலையா, கப்பல் அவசரமா என்று சரித்திரக்காரர்கள் அவரவர் கட்சிப்படி எழுதியிருக்கிறார்கள். விளைவு ஒன்றுதான்: மறுப்பு எழுதி, சாட்சி திரட்டி, உள்நாட்டிலிருந்து ஆள் வரவழைத்துக் காட்ட அவகாசம் இல்லை. கையிலிருந்தது வாய்ப்பேச்சு மட்டும். ஏசுசபையார் ஓடினார்கள். அரைகுறைத் தகவலை வைத்து எழுதப்பட்ட ஆணை இது, நிறைவேற்றினால் மிஷனே அழியும் என்று மன்றாடினார்கள்.

டூர்னோன் கொஞ்சம் இறங்கி வந்தார். வாய்மொழியாக இரண்டு விட்டுக்கொடுப்புகள்.

ஒன்று: ஆணையை மீறினால் விழும் என்று எழுதியிருந்த திருச்சபைத் தண்டனைகள் இப்போதைக்கு இல்லை.

இரண்டு: ஆணையின் விதிகளில் ஒன்றைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கிறேன்.

எந்த விதி? பிள்ளையார் தாலியா? 108 இழைக் கயிறா? கல்யாணத் தேங்காயா?

நிறுத்தி வைத்தது சேரி வீட்டுக்குக் குரு போக வேண்டும் என்ற விதியை.

பட்டியலில் தாலியும் தேங்காயும் சாம்பலும் காகிதத்தில் இருந்தபடியே இருந்தன. அவற்றையெல்லாம் விட்டுக்கொடுத்து இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். தேங்காய் உடைத்ததால் யாருடைய கடைசி மணி நேரமும் பாழாகாது. ஆனால் டூர்னோன் தேங்காயையும் சாகக் கிடப்பவனையும் ஒரே பட்டியலில், ஒரே மையில் எழுதியிருந்தார். நெருக்கடி வந்தபோது எது எளிதில் கழன்றதோ அது கழன்றது. அந்த அறையில் நின்று வாதாடியவர்களில் சேரிக்காரர் எவரும் இல்லை.

ஜூலை 11-ல் அவர் போனார். மணிலா, காண்டன், பீக்கிங். சீனச் சக்கரவர்த்தி காங்ஷியின் கோபத்துக்கு ஆளாகி, மக்காவில் காவலில் வைக்கப்பட்டு, கர்தினால் பட்டம் வந்து சேர்ந்த பிறகும் விடுதலையாகாமல் 1710 ஜூன் 8-ல் அங்கேயே செத்தார். வயது 41. அவருடைய கடைசி மணி நேரம் எப்படி இருந்தது என்பது வேறு தொடருக்கான விஷயம்.

* * *

காகிதம் ரோமுக்குப் போயிற்று. 1706 ஜனவரி 7-ல் விசாரணைச் சபை அதை உறுதி செய்தது. மறுப்புச் சொல்லப் புஷேயும் மதுரை மிஷனின் லைனஸும் கடல் கடந்து ரோம் போய்ச் சேர்ந்தபோது வேலை முடிந்திருந்தது. பாப்பிறை கிளமெண்ட் அவர்களுக்கு வாய்மொழியாக ஒரு பதில் சொன்னார்: கடவுளின் மகிமைக்கும் ஆத்தும இரட்சணியத்துக்கும் இடமிருக்கிற அளவுக்கு ஆணையைக் கடைப்பிடியுங்கள்.

அளவு எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு சாமியாரும் தன் கோலால் அளந்துகொண்டார்.

காகிதத்தில் ஒரு சட்டம், வாயில் ஒரு சலுகை. 1727-ல் இன்னொரு பாப்பிறை ஆணையை மறுபடி உறுதி செய்தார். 1734-ல் மற்றொருவர் சில விதிகளைத் தளர்த்தினார். 1739-ல் மிஷனரிகள் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும் என்றார்கள். அந்தச் சத்தியம் ஒழிய 1940 ஏப்ரல் ஆயிற்று. கடைசியில் 1744 செப்டம்பர் 12-ல் பதினான்காம் பெனடிக்ட் ஒரு பெரிய ஆணை போட்டார். சாவுக்கட்டிலின் சிக்கலுக்கு ஏசுசபையாரே ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள்: பறையர்களுக்கென்று தனியாகச் சில குருக்களை ஒதுக்கிவிடலாம். பெனடிக்ட் அதை மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார். ஆக, சேரிக்குக் குரு வந்தார். ஊர்த்தெருவுக்கு வேறு குரு. வாசற்படி இருந்த இடத்திலேயே இருந்தது.

1704-லிருந்து 1744 வரை 40 வருஷம். அந்த 40 வருஷத்தில் செஞ்சிச் சீமையிலும் மதுரைச் சீமையிலும் எத்தனை கட்டில்கள் வரப்பில் போயின என்பதற்குக் கணக்கில்லை.

ஆனால் பெனடிக்டின் ஆணை பிறந்த அடுத்த வருஷம் புதுச்சேரியில் நடந்த ஒன்றுக்குச் சாட்சி இருக்கிறது. சாட்சி ஒரு கிறிஸ்தவர் அல்ல. பிரெஞ்சுக் கம்பெனியோடு வியாபாரம் செய்துகொண்டு, கண்ணில் பட்டதை எல்லாம் நாட்குறிப்பில் எழுதி வைத்த வைணவர், ஆனந்தரங்கப் பிள்ளை.

புதுச்சேரியில் ஏசுசபையாரின் பெரிய கோயிலுக்குச் சனங்கள் வைத்த பெயர் சம்பாக் கோயில். ‘சேன் போல்’, அதாவது புனித பவுல், ஊர் வாயில் ‘சம்பா’ ஆகிவிட்டார். அந்தக் கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், அந்தப் பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். பூசை ஒன்று, பீடம் ஒன்று, நடுவில் சுவர்.

1745 அக்டோபரில் ஒரு நாள் சேரிக் கிறிஸ்தவர்கள் திரண்டு வந்து பெரிய சாமியாரிடம் நேரடியாக ஒரு கேள்வி கேட்டார்கள். கேள்விக்குப் பிறகு சுவர் இடிந்தது. சுவர் விழுந்த இடத்தில் அடுத்த பூசைக்கு யார் எங்கே உட்கார்ந்தார்கள்? கவர்னர் ஏன் தலையிட்டார்?

அடுத்த வாரம்.